என்ஜினைப் பிரித்துப் படித்த ஜி.டி.நாயுடு

பம்பாயில் பணத்தை இழந்து ஊர் திரும்பியவர், 280 பஸ்களுக்கு அதிபர் ஆனார்

பட்டம் வாங்காமல் தொழில் கற்றவர்கள் மும்பையில் ஏராளம். தாராவியில் தையல் எந்திரம் பழுது பார்ப்பவர், செம்பூரில் ஆட்டோ ரிக்‌ஷா என்ஜினை இறக்கி ஏற்றுபவர், குர்லாவில் பழைய மோட்டார் உதிரிப் பாகங்களைத் தொட்டுப் பார்த்தே இன்ன வண்டியுடையது என்று சொல்பவர் என்று இவர்களை எங்கும் காணலாம். கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்றவர்கள் இவர்கள்.

இப்படிக் கற்றே நாடு முழுவதும் பேர் வாங்கிய ஒருவர் கோவையில் வாழ்ந்தார். அவர்தான் ஜி.டி.நாயுடு. எந்திரங்கள் மீது அவருக்கு இருந்த ஆசைக்கு அளவே கிடையாது. அந்த ஆசை அவரைப் பணக்காரர் ஆக்கியது. இடையில் பம்பாய்க்கும் வந்து, பெரும் பணத்தைத் தொலைத்தார். அதன் பிறகுதான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கியது.

பள்ளி பிடிக்கவில்லை

கோவையை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் 1893ம் ஆண்டு மார்ச் 23ந் தேதி அவர் பிறந்தார். துரைசாமி என்பது பெயர். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. தாயை இளம் வயதிலேயே இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால் படிப்பை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமாகவே படித்தார்.

இந்த நிலையில், வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். அது இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரான ‘ரட்ஜ்’ வண்டி. 1912ம் ஆண்டு மாடல். மாடும் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டியை அன்றுதான் அவர் முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தார். அன்று முதல் அது அவர் மனதை விட்டு அகலவில்லை.

சர்வர் வேலை

வண்டியை வாங்கப் பணம் வேண்டுமே! வீட்டில் கேட்டால் கிடைக்காது. அவர் கோவைக்குச் சென்றார். ஓட்டல் ஒன்றில் சர்வராகச் சேர்ந்தார். சாப்பாடு பரிமாறினார். கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார். இப்படியே சுமார் 3 ஆண்டுகள் கழிந்தன. கையில் சில நூறு ரூபாய் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு அதே ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார்.

வாங்கியவர் அதில் ஏறிச் சவாரி செய்வார் என்றுதானே நினைப்போம்? அவர் வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார்.

அந்த வண்டி ஒற்றை சிலிண்டர் வண்டி. பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அந்தக் கலவைக்குத் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ. கலவை வெடிக்கும் வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்த இயக்கம் சக்கரத்தைச் சுற்றுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஆசிரியர் யாரும் இல்லை. எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது, எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்து கொண்டார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. அவர் மெக்கானிக் ஆகிவிட்டார்.

போர்க்காலத்து எந்திரங்கள்

நாயுடு வளர்ந்து வந்த அந்தக் காலத்தில் உலகமும் என்ஜின் பக்கம் திரும்பிக் கொண்டிருந்தது. 1914ல் முதல் உலகப் போர் மூண்டது. பீரங்கிகளை அதுவரை குதிரைகள் இழுத்தன. சேறும் பள்ளமுமான போர்க்களத்தில் கனமான பீரங்கிகளைக் குதிரைகளால் இழுக்க முடியவில்லை. அமெரிக்காவில் உழவுக்காக ஹோல்ட் கம்பெனி தயாரித்த சங்கிலிச் சக்கர டிராக்டர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் வாங்கியது. அவை பீரங்கிகளை இழுத்தன. அந்தச் சங்கிலிச் சக்கரத்தைப் பார்த்துப் பிறந்ததுதான் டாங்கி. 1916ம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி, பிரான்சில் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதல் தடவையாக இறங்கின.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் பல நாடுகளில் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கிப் பழுது பார்த்துத் தொழில் தொடங்கியவர்கள் பலர். அந்தக் கால ராணுவ டிராக்டர்களைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, மீண்டும் ஓட வைத்து மகிழ்பவர்கள் மேல் நாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அதே என்ஜினைக் கைக்குள் அடங்கும் அளவில் மாதிரியாகச் செய்து, அதையும் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்துப் பூட்டினால்தான் ஒன்றைத் தெரிந்து கொண்டதாக நம்பும் அவர்கள் எல்லோரும் நாயுடுவுக்கு உறவுக்காரர்களே.

பம்பாயில் நஷ்டம்

போர்க்காலத்தில் பருத்திக்கு நல்ல கிராக்கி. நாயுடு திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் இறங்கினார். பணம் சேர்ந்தது. சேர்ந்த பணம் மேலும் ஆசையைத் தூண்டியது. பெரிய அளவில் பருத்தி வியாபாரம் செய்யலாம் என்று பம்பாய்க்கு வந்தார்.

அன்றைய பம்பாய்தான் இந்தியாவின் பருத்தித் தலைநகரம். பருத்திச் சந்தை அப்போது கொலாபா பக்கம் இருந்தது. பிறகு, 1920க்குப் பின்னரே அது சிவ்ரிக்கு மாறியது. துறைமுக ரெயில் பாதையில் போகிறவர்கள் தினமும் கேட்கும் ‘காட்டன் கிரீன்’ என்ற ஸ்டேஷன் பெயர் அந்தச் சந்தையின் அடையாளம்தான். லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் விலை ஏறினால் இங்கே ஏறும். அங்கே இறங்கினால் இங்கே இறங்கும். தலைமுறை தலைமுறையாக அந்த வியாபாரத்தில் ஊறியவர்கள் இங்கே இருந்தார்கள்.

அவர்களோடு போட்டி போட நாயுடுவால் முடியவில்லை. எந்திரம் என்றால் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம். சந்தைக்கு அப்படி ஒரு மூடி கிடையாது. பாடுபட்டுச் சேர்த்த பணம் கரைந்தது. வெறுங்கையோடு கோவைக்கு ரெயில் ஏறினார்.

பிழைக்க வந்த ஊரில் தோற்றுத் திரும்புவது எவ்வளவு வேதனை என்பது பம்பாய்த் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாயுடுவிடம் இருந்து பம்பாயால் பறிக்க முடியாத சொத்து ஒன்று இருந்தது. என்ஜினைப் பற்றிய அறிவுதான் அது.

ஒரே ஒரு பஸ்

கோவையில் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழில் அதிபர் இருந்தார். நாயுடு அவரிடம் போய்ச் சேர்ந்தார். நாயுடுவின் கைத்திறமையைக் கண்ட ஸ்டேன்ஸ், சொந்தமாக பஸ் வாங்கி ஓட்டும்படி யோசனை கூறினார். பஸ்சின் விலை 8,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய்க்கு ஸ்டேன்ஸ் உதவினார்.

1920ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் நாயுடுதான். டிரைவரும் நாயுடுதான். வழியில் வண்டி நின்றால் இறங்கிப் பழுது பார்ப்பவரும் அவரேதான். மெக்கானிக்கைத் தேடி ஆள் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பஸ் நேரத்துக்குப் போயிற்று, நேரத்துக்கு வந்தது. ஜனங்கள் அந்த பஸ்சை நம்பினார்கள்.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயின. ‘யு.எம்.எஸ்.’ என்ற மூன்று எழுத்து கொங்கு நாடு முழுவதும் பிரபலம் ஆனது. 1933ல் அவரிடம் 280 வண்டிகள் இருந்தன! டிக்கெட் கொடுக்கும் எந்திரம், வண்டியின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஆகியவற்றைத் தாமே உருவாக்கினார்.

உள்ளங்கை மோட்டார்

பிறகு அவர் மேல் நாடுகளுக்குச் சென்றார். ஜெர்மனி அவரை மிகவும் கவர்ந்தது. பெரிய என்ஜினை நேசித்தவர் இப்போது மிகச் சிறிய மோட்டார் மீது கவனம் செலுத்தினார். உலர் பாட்டரியில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து, ‘ரேசன்ட்’ என்ற சவர எந்திரத்தை உருவாக்கினார். 1936ல் ஜெர்மனியில் லீப்சிக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தமது கேமராவில் படம் பிடித்தார்.

1937ல் கோவை பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையில், இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டார் தயாரானது. அதற்கு மூளையாக இருந்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. கோவை இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊராக இருப்பதற்கு அந்த மோட்டார்தான் பிள்ளையார் சுழி. 1941ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அவர் அறிவித்தார். ஏழைகளும் வாங்கும் விலையில் எந்திரம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கல்லூரியும் காரும்

1945ல், அன்றைய சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில் நுட்பக் கல்விக்கூடம் தோன்ற நாயுடு பெருங்காரணமாக இருந்தார். பள்ளியில் நிலைக்காதவர் அதன் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். என்ஜினீயரிங் படிப்புக்கு 4 ஆண்டுகள் தேவை இல்லை, 2 ஆண்டுகளில் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரி இன்று கோவை அரசு தொழில் நுட்பக் கல்லூரியாக நடந்து வருகிறது.

1952ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை வெறும் 2,000 ரூபாய்தான். ஆனால் தயாரிப்பதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் திட்டம் அதோடு நின்றது. வரிகளும் அவரை வாட்டின. அவற்றைக் கண்டித்து, தாம் உருவாக்கிய பொருள்களை மக்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் காட்டினார். வாழ்நாள் முழுவதும் பிரித்ததைப் பூட்டியே பழகிய கை அது. அந்தக் கையே உடைக்கத் துணிந்தது என்றால், அவர் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

அப்படி உடைத்தது சரிதானா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சி செய்தார். 1967ல் கோவையில் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். மற்றவர்களும் எந்திரத்தைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1974ம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவையில் பழைய கார்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று அவர் குடும்பத்தினரால் 2015ல் திறக்கப்பட்டது. கோவை அவினாசி ரோட்டில் 10.1 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு 2025ல் ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டது. விடுமுறையில் ஊருக்குப் போகும் மும்பைத் தமிழர்கள், கோவையில் இறங்கினால் அவினாசி ரோட்டில் உள்ள அவரது கண்காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வீட்டில் எதையாவது கழற்றிப் போட்டு உதை வாங்கும் பையன் இருந்தால், அவனை அவசியம் அழைத்துப் போக வேண்டும்.