சட்டத்தை இறுக்கியவர்: காலின் சாப்மன்

நம் பேஸ்மென்ட்டில் தரையோடு தரையாக இறக்கிய கார்கள் சில நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாய்தளத்தில் ஏறும்போது அவற்றின் அடிப்பாகம் உரசும் சத்தமும் உங்களுக்குப் பழகியிருக்கும். வளைவில் கார் சாயக் கூடாது என்று இளைஞர்கள் கடினமான ஸ்பிரிங் மாட்டுகிறார்கள். இறுக்க வேண்டியது ஸ்பிரிங்கையா, அது உட்கார்ந்திருக்கும் சட்டத்தையா? இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன். லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன்தான் அவர்.

1928 மே 19ல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அப்பா ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டல் நடத்தியவர். சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தது வாகனப் பொறியியல் அல்ல, கட்டுமானப் பொறியியல். பாலமும் கூரையும் எப்படிச் சுமை தாங்குகின்றன என்ற கணக்கு. படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்றார். 1948ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் பந்தயக் காரைக் கட்டினார். 1952ல் கம்பெனி தொடங்கியபோது முதலீடு 25 பவுண்டு. கொடுத்தவர் பின்னாளில் மனைவியான ஹேசல். பிணையம் இல்லாத கடன். எங்கள் மேனேஜர் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்! ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம்தான் பட்டறை.

விஷயம் இதுதான். ஓர் அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். சுலபமாக முறுகும். மூடியை நன்றாக ஒட்டிவிட்டுத் திருகுங்கள், அசையாது. காரின் சேசிஸும் இப்படித்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முறுகினால், அந்தச் சட்டமே ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதன்மேல் கடினமான ஸ்பிரிங் மாட்டினால் சட்டம் இன்னும் அதிகமாகத்தான் முறுகும். சட்டம் அசையாமல் இருந்தால் ஸ்பிரிங்கை இளக்கமாகவே விடலாம். சக்கரம் ரோட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர் இடுப்பும் பிழைக்கும்.

அந்தக் காலப் பந்தயக் கார்கள் குழாய்களை வெல்டிங் வைத்துக் கட்டிய கூண்டுகள். சாப்மன் 1962ல் கூண்டைத் தூக்கி எறிந்தார். லோட்டஸ் 25ல் அலுமினியத் தகட்டால் ஆன இரண்டு நீளப் பெட்டிகள், நடுவில் அவற்றைப் பிணைக்கும் குறுக்குத் தடுப்புகள். பெட்டிகளுக்குள் ரப்பர் பைகளில் பெட்ரோல். இடையில் ஓட்டுநர் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்டுவார். முந்தைய மாடலின் சட்டத்தைவிட இந்தச் சட்டத்தின் எடை பாதி, உறுதி மூன்று மடங்கு. அந்த முந்தைய மாடலைத்தான் அதே ஆண்டு மற்ற அணிகளுக்கு விற்றிருந்தார். தங்களுடையதும் லோட்டஸின் சொந்தக் காரும் ஒன்றுதான் என்று நம்பி வாங்கியவர்கள், நெதர்லாந்துப் பந்தயத்தில் 25ஐப் பார்த்ததும் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவில். ஜிம் கிளார்க் முன்னணியில் இருந்தபோது எஞ்சினில் ஒரே ஒரு போல்ட் கழன்று ஆயில் கசிந்தது, பட்டம் போனது. 1963ல் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்று கிளார்க் அதை எடுத்துக்கொண்டார். சாப்மன் இருந்தவரை லோட்டஸ் வென்ற அணிப் பட்டங்கள் ஏழு. 1962ல் விற்பனைக்கு வந்த எலான் காரிலும் இதே கொள்கைதான். நடுவில் முதுகெலும்பு போல மடித்த எஃகுப் பெட்டி, நான்கு மூலையிலும் மிருதுவான ஸ்பிரிங்.

ஆனால் எடையைக் குறைக்கும் வெறிக்கு ஒரு விலை இருந்தது. 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் கிளார்க் லோட்டஸ் காரிலேயே இறந்தார். அங்கே டயர் காற்று இறங்கியிருக்கலாம் என்றார்கள். யோகன் ரின்ட் விஷயம் வேறு. இறக்கை உடைந்து ஒரு விபத்தில் தப்பிய பிறகு, நலிந்த பாகங்களைச் சில பவுண்டு எடை கூட்டியாவது பலப்படுத்துங்கள் என்று அவர் சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். 1970 செப்டம்பர் 5 அன்று மொன்சா பயிற்சி ஓட்டத்தில் லோட்டஸ் 72ன் முன் பிரேக் தண்டு உடைந்து கார் தடுப்பில் மோதியது. இறந்த பிறகு உலகப் பட்டம் பெற்ற ஒரே ஓட்டுநர் ரின்ட். சட்டம் முறுகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர், ஒரு தண்டின் கனத்தில் ஏன் கஞ்சத்தனம் காட்டினார் என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

1978ல் லோட்டஸ் 79, காருக்கு அடியில் ஓடும் காற்றாலேயே தரையோடு ஒட்டிக்கொண்டு பட்டம் வென்றது. அந்த உறிஞ்சல் நிலையாக இருக்க, கார் மேலும் கீழும் ஆடக் கூடாது. எனவே ஸ்பிரிங்குகள் கல்லாக வேண்டியிருந்தது. இளக்கமான ஸ்பிரிங் போட்ட மனிதர் தன் கண்டுபிடிப்பாலேயே எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டார். 1981ல் லோட்டஸ் 88ல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டங்கள் வைத்தார். காற்றின் அழுத்தத்தை வெளிச் சட்டம் வாங்கும், ஓட்டுநர் உள்ளே மென்மையான ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருப்பார். அதிகாரிகள் தடை செய்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் பெல்ஃபாஸ்ட் அருகே தொடங்கிய டிலோரியன் காருக்கு வடிவமைப்பு வேலை செய்தது லோட்டஸ். அதற்கான பணத்தில் பெருந்தொகை பனாமாவில் பதிவான ஒரு கம்பெனி வழியாகப் போய் மறைந்தது. 1992ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் சிறை சென்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது பத்தாண்டு கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி.

1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் இறந்தார், வயது 54. அன்றைய தினம்தான் ஸ்னெட்டர்டன் ஓடுதளத்தில் அவருடைய ஆட்கள் புதிய காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் சொல்படி ஹைட்ராலிக் ஜாக்குகள் ஒவ்வொரு சக்கரத்தையும் இறுக்கியும் இளக்கியும் விடும் கார் அது.