ஊர் மருத்துவர் பாட்ரிக் கெடிஸ்

நோயாளியைக் கண்ட மருத்துவன் முதலில் நாடி பிடித்துப் பார்த்தலே முறை. கண்டவுடன் கத்தியை எடுத்தல் முறையன்று. ஊர்களுக்கும் இம்முறையே ஏற்றதென உலகிற்கு உணர்த்திய பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டு வீதிகளிலும் நடந்து திரிந்தவராவர். ஆயினும் நம்மவருள் அவர் பெயரை அறிந்தார் சிலரே. ஆதலின், ஸர் பாட்ரிக் கெடிஸ் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இவர் ஸ்காத்லாந்து தேசத்தில் பாலட்டர் என்னும் ஊரில் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் போர்வீரர். பெர்த் நகரை அடுத்த குன்றும் தோட்டமுமே இளமையில் இவருக்குப் பள்ளியாயின. பின்னர் லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் தேர்வெழுதிப் பெற்றாரல்லர். எனினும் 1888 முதல் 1919 வரை டண்டி நகரக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராக விளங்கினார். தேர்வுக்கு அஞ்சும் நம் மாணாக்கர் இதனைக் கேட்டு மகிழக்கூடும். அவர் பட்டத்தை விட்டாரேயன்றிப் படிப்பை விட்டாரல்லர் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

1879-இல் மெக்ஸிகோ நாட்டிற்கு ஆராய்ச்சியின் பொருட்டுச் சென்றவிடத்துக் கண்ணொளி மங்கி, இருட்டறையிற் பன்னாட்கள் கிடந்தார். பார்வை மீண்டதாயினும் நுண்பொருள்களை நெடுநேரம் நோக்கும் ஆற்றல் குன்றிற்று. செடியையும் அதன் சூழலையும் ஒருங்கே ஆராய்ந்த அவர் உள்ளம், மக்களையும் அவர் வாழும் ஊரையும் ஒருங்கே ஆராயத் தலைப்பட்டது. 1886-இல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்தபின், எடின்பரோவின் பழநகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பாழ்மனைத் தொகுதியிலேயே குடிபுகுந்தார். அண்டை வீட்டாரைக் கூட்டிச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்; இடிந்தவற்றை மட்டும் நீக்கினார்; சிறு வெளிகளிற் செடி நட்டார். அவர் கொள்கை முழுவதும் அங்கேயே முளைத்ததெனலாம்.

சென்னைக் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல்லாண்டு தேடிச் சேர்த்த நகரமைப்புப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைமீது குண்டெறிந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலே அக்கலத்தையும் மூழ்கடித்தது. மற்றொருவராயின் மனம் உடைந்து திரும்பியிருப்பர். கெடிஸோ நண்பர்களின் துணையால் புதுப்படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னையிற் காட்சி திறந்தார்.

பின்னர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை நடந்தே கண்டார். மதுரையிலே கோயிலைச் சூழ்ந்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என வீதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருத்தலை நாம் அறிவோம். கடையும் மனையும் தேரோட்டமும் அங்கே ஒன்றோடொன்று இயைந்துள்ளன. இத்தகைய கோயில் நகரங்களை அவர் பெரிதும் போற்றினார். நெருங்கிய தெருக்களை இடித்து நேர்வழி காண விரும்பிய பொறியாளர் திட்டங்களை அவர் ஒப்பவில்லை. மிகச் சிதைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, ஆங்காங்கே வெளி விட்டு, மரமும் கிணறும் பேணினால் போதுமென்றார். இதனாற் செலவு சுருங்கும். ஏழைகள் வீடிழத்தலும் குறையும்.

இந்தூரில் கொள்ளைநோய் பரவியபோது, தீபாவளி ஊர்வலம் தூய்மை மிக்க தெருக்களின் வழியே செல்லுமென அறிவித்தார். தெருவார் போட்டியிட்டுக் குப்பையை அகற்றினர். கட்டளையால் நிகழாதது களிப்பினால் நிகழ்ந்தது.

1917-இல் மூத்த மகனைப் போரிலும், மனைவியாரைக் கல்கத்தாவில் நோயினாலும் இழந்தார். ஆயினும் தொண்டினை நிறுத்திலர். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகநூல் கற்பித்தார். 1925-இல் டெல்அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932-இல் ஸர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்து மோன்பெலியேயில் உயிர் நீத்தார்.

சென்னை மாகாணத்தில் 1920-இல் நகரமைப்புச் சட்டம் தோன்றியது. 1971-இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. குடியிருப்புக்கு ஒரு பகுதி, வாணிகத்திற்கு ஒரு பகுதி என நிலத்தை வகுக்கும் முறை நாளடைவில் வேரூன்றிற்று. அளவு கடந்த பிரிவினையோ, ஒரு படி உப்பு வாங்கவும் வண்டியேற வேண்டிய நிலையைத் தருவதாகும். 2017-இல் இந்திய அரசு வெளியிட்ட கொள்கை, ரயில் முதலியன நிற்குமிடங்களிலிருந்து நடந்து செல்லத்தக்க 500 முதல் 800 மீட்டர் எல்லைக்குள் வீடும் கடையும் அலுவலகமும் கலந்து அமைதல் நன்றென்கிறது. மதுரை வீதிகள் பண்டே கற்பித்த பாடம் இதுவன்றோ!

உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே, குமுளிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது அனுமந்தன்பட்டி. இத்தகைய ஊர்களிற் கடையும் வீடும் பேருந்து நிற்குமிடமும் அடுத்தடுத்து உள்ளன. அவற்றின் பின்னே முல்லைப்பெரியாறு வளம்படுத்தும் வயல்கள். வழியை அகலப்படுத்துவோர் வாகனத்தை எண்ணுகின்றனர். பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவனையும் கூடை சுமந்து கடக்கும் மூதாட்டியையும் எண்ணுவார் யார்? நடைவழியும் நிழல்மரமும் ஒழிந்து, வயலெல்லாம் மனையாக நீளுமாயின் வழி மிஞ்சும், ஊர் மிஞ்சாது.

ஆதலின், நாளை பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் விளங்கப்போகும் நம் மாணாக்கர், எந்த ஊருக்கும் கோடு வரையுமுன் அவ்வூரை ஒருமுறை கால்நடையாகச் சுற்றிவருவாராக. கெடிஸ் பெருமகனார்க்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவே.