போதிதருமர்: தனியே பயின்ற தேரர்

அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழும் நம் உபாசகர் இல்லங்கள் சிலவற்றில் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காண்கிறோம். நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுக் கூடத்தின் நடுவே இளைஞனொருவன் தனியே நின்று கராத்தே பயில்கிறான். எதிராளி இல்லை, ஆசிரியரும் இல்லை. அடியும் தடையும் மாறி மாறி வரும் 'கட்டா' என்னும் வரிசையை, கீழ்வீட்டாரின் உறக்கம் கெடாதவாறு மெல்லக் கால் பதித்துச் செய்து முடிக்கிறான். சுவரில் பகவான் புத்தர் படமும் பாபாசாகேப் அம்பேத்கர் படமும் இருக்கின்றன. அவற்றின் அருகே மூன்றாவதாக ஒரு படம்: அடர்ந்த தாடி, இமையற்ற பெருங்கண்கள், தோளில் ஒரு கோல், கோலின் நுனியில் தொங்கும் ஒற்றைச் செருப்பு.

இவரே போதிதருமர். காஞ்சியில் பிறந்த பல்லவ இளவரசர் என்றும், சீனருக்குப் போர்க்கலை கற்பித்த தமிழர் என்றும் இளைஞர்கள் இவரைப் போற்றுகின்றனர். 2011ஆம் ஆண்டில் 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் வெளிவந்த பின்னர் இப்போற்றுதல் பன்மடங்காயிற்று. புராணக் கதைகளைத் துறந்து தருமத்தைச் சரணடைந்த நாம், நம்மவர் என்னும் பெருமிதத்திற்காக இன்னொரு புராணத்தை ஏற்கலாமா? ஆதலின் இப்பெரியாரின் வரலாற்றை உள்ளவாறு காண முற்படுகிறோம்.

இவரைக் குறிக்கும் மிகப் பழைய நூல், லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி யாங் சுவான்-சீ என்பவர் 547ஆம் ஆண்டளவில் எழுதியது. அதில் இவர் பாரசீகத் துறவியாகக் காணப்படுகிறார். 516இல் எழுப்பப்பெற்று 534இல் தீக்கிரையான யுங்-நிங் விகாரையின் உயர்ந்த தூபியைக் கண்டு வியந்து, பல நாள் கைகூப்பி நின்றார் என்கிறது அந்நூல். அதே நூற்றாண்டினரான தான்-லின், இவரைத் தென்னிந்திய அரசரொருவரின் மூன்றாம் மகன் என்று எழுதினார். 645இல் துறவியர் வரலாறுகளைத் தொகுத்த தாவோ-சுவானோ, தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். காஞ்சி என்னும் பெயர் இம்மூன்றிலும் இல்லை. 1004இல் தொகுக்கப்பெற்ற நூலொன்றில் வரும் சியாங்-சீ என்னும் பெயரைச் சிலர் காஞ்சி எனக் கொள்வர். ஏழாம் நூற்றாண்டில் சுவான்-சாங் வந்தபோது காஞ்சியைச் சார்ந்த நாட்டில் நூறு விகாரைகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தனராதலின், அங்கிருந்து ஒரு தேரர் கடல் கடந்தார் என்பது நடவாத காரியமன்று. ஆயினும் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. தென்னாட்டவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

தாவோ-சுவான் கூற்றின்படி, 479இல் முடிவுற்ற சுங் அரசமரபின் காலத்திலேயே இவர் தென்சீனத்தை அடைந்து, பின்னர் வடக்கே வெய் நாட்டிற்குச் சென்றார். அங்கே பலர் இவர் போதனையைப் பழித்தனர். தாவோ-யூ, ஹுயி-கோ என்னும் இருவர் மட்டும் சில ஆண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்து கற்றனர். ஹுயி-கோவிடம் நான்கு சுருள் கொண்ட இலங்காவதார சூத்திரத்தை இவர் ஒப்படைத்தார். பின்னாளில் ஹுயி-கோவின் கையைக் கள்வர் வெட்டினர் என்று தாவோ-சுவான் எழுதியிருக்க, பிற்காலத்தார் அவர் தாமே வெட்டிக் குருவுக்குக் காணிக்கையாக்கினார் என மாற்றிவிட்டனர். கதை வளரும் விதம் இது.

போதிதருமர் கற்பித்த பயிற்சிக்குச் சுவர் நோக்கல் என்று பெயர். மனம் சுவரைப் போல் அசைவற்று நிற்றலே அதன் பொருள் என்று அறிஞர் பலர் கொள்வர். ஒன்பது ஆண்டுகள் ஷாவோலின் மலையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார் என்பது பிற்காலச் செய்தி. ஆயினும் அச்செய்தியிலிருந்து ஒரு நல்ல வழக்கம் பிறந்தது. ஜப்பானில் தோகென் (1200–1253) வழிவந்த சோட்டோ ஜென் பிரிவினர் இன்றும் சுவரை நோக்கியே அமர்கின்றனர். ஒரு மெத்தையும் ஒரு சுவரும் போதும், கூடம்கூட வேண்டுவதில்லை.

இனிப் போர்க்கலைக்கு வருவோம். ஷாவோலின் விகாரை 495இல் பாதுவோ என்னும் இந்தியத் துறவிக்காக நிறுவப்பெற்றது. 621இல் அவ்விகாரைத் துறவியர் லீ ஷி-மின் என்னும் இளவரசருக்குப் போரில் துணைநின்றனர். 728இல் நாட்டிய கல்வெட்டு இதற்குச் சான்று. அக்கல்வெட்டு போதிதருமரைப் போர்க்கலை ஆசானாகக் கூறவில்லை. தியானத்தில் சோர்ந்து உறங்கிய துறவியரைக் கண்டு அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்னும் கதைக்கு வேர், 1624இல் தாவோ சமயத்தார் ஒருவர் இயற்றிய 'யி-ஜின் ஜிங்' என்னும் தசைநார் மாற்றும் நூலாகும். அதற்கு 628ஆம் ஆண்டில் ஒரு தளபதி முன்னுரை எழுதியதாகக் காட்டப்பட்டுள்ளது. அம்முன்னுரையின் பிழைகளைச் சீன அறிஞர்களே முன்னரே எடுத்துக்காட்டினர். இருபதாம் நூற்றாண்டில் தாங் ஹாவ் என்பவர் போதிதருமருக்கும் குத்துக்கலைக்கும் தொடர்பில்லை என நிறுவினார்.

ஆயினும் அந்நூலை இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. வயிற்றைத் தேய்த்தலும், மர உலக்கையாலும் கற்கள் நிறைந்த பையாலும் உடலைத் தட்டி உறுதிப்படுத்தலும் அதில் உள்ளன. (இவற்றை நம் இளைஞர்கள் வீட்டில் தாமாகச் செய்து பார்த்தல் வேண்டா.) இன்று வழங்கும் பன்னிரண்டு நிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் காணப்படுவன. மார்பின் முன் கைகளை இணைத்து நிற்றல், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டல், உள்ளங்கைகளை வானோக்கி உயர்த்தல், இடுப்பை வளைத்துக் குனிதல் என மெல்ல நடப்பவை அவை. ஒருவர் நிற்கும் இடமே போதும். முதல் நிலைக்கு வெய்-துவோ உலக்கை ஏந்தல் என்று பெயர். வெய்-துவோ என்பவர் சீன விகாரைகளின் காவல் தெய்வம். ஸ்கந்தன் என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். நாம் வீட்டிலிருந்து விடைகொடுத்தனுப்பிய முருகப்பெருமான் சீனம் சென்று புத்தர் வாயிலில் காவல் நிற்கிறார் போலும்!

போதிதருமர் போதனையாகத் தான்-லின் எழுதிவைத்த சிறு நூலில் நான்கு பயிற்சிகள் உள்ளன. துன்பம் நேர்கையில் பகை கொள்ளாமை, வரும் நிலைகளை ஏற்றல், எதையும் நாடாமை, தருமத்தின்படி ஒழுகல் என்பன அவை. இவற்றிற்கும் எதிராளி தேவையில்லை. ஆயினும் முதற் பயிற்சி நமக்கு இடறுகிறது. நேரும் துன்பம் முற்பிறவித் தீவினையின் பயன் என்று எண்ணிப் பொறுக்கச் சொல்கிறது அது. சேரியில் பிறந்தவன் பட்ட இழிவுக்கு அவன் முற்பிறவியே காரணம் என்று எத்தனை தலைமுறை நமக்குச் சொல்லப்பட்டது! 1957இல் வெளிவந்த தமது நூலில் பாபாசாகேப் இக்கொள்கையை மறுத்திருப்பதை நாம் அறிவோம். ஆதலின் பகை கொள்ளாமையை ஏற்கிறோம். அதற்குக் கூறிய காரணத்தை ஏற்கவில்லை. தேரரை வணங்குவோர் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அவர் எப்போது மறைந்தார் என்பதைத் தாவோ-சுவான் கூறவில்லை. படத்தில் காணும் செருப்பு பிற்காலக் கதைக்கு உரியது. அடக்கம் செய்யப்பெற்று மூன்றாண்டு கழிந்த பின், சுங் யுன் என்னும் வெய் நாட்டுத் தூதர் பாமிர் மலைவழியில் இவர் ஒற்றைச் செருப்புடன் மேற்கே நடந்து செல்வதைக் கண்டாராம். கல்லறையைத் திறந்தபோது மற்றைச் செருப்பு மட்டும் கிடந்ததாம். வரலாற்றில் அத்தூதர் 518இல் புறப்பட்டு 522 அளவில் திரும்பிவிட்டார். தேரர் மறைந்ததாக அக்கதைகள் கூறும் ஆண்டுகளோ 528உம் அதற்குப் பின்னும் ஆகும். ஒற்றைச் செருப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், ஊர் திரும்புகிறார் என்று சீனர் நினைத்தனர் எனக் கூறலாம்.