வியாகுலப் பிரசங்கம் தந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்குகள் பலவற்றில் ஒரு குரல் கேட்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆலயத்திலே புத்தகத்தை விரித்து, நீட்டி இழுத்த சோக இராகத்தில் ஆண்டவரின் திருப்பாடுகளை வாசிப்பார். அதுவே வியாகுலப் பிரசங்கம். அதைக் கேட்டுக் கண் கலங்காத தாய்மார் குறைவு. ஆனால் அதை எழுதியவர் யார், எத்தகைய நாட்களில் எழுதினார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வர்?

அவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். நம் முன்னோர் அன்புடன் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்த குருவானவர் இவர்தான்.

1676 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி கோவாவைச் சேர்ந்த திவார் தீவிலே, கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கல்வியில் சிறந்து விளங்கிய அவருக்கு உயர்ந்த பதவிகள் கிடைத்திருக்கும். அவரோ குருத்துவத்தைத் தெரிந்துகொண்டு, கோவாவின் ஒறற்றோரியன் சபையிலே சேர்ந்தார். புனித யோசப் வாஸ் அடிகளாரை இலங்கைக்குத் தந்ததும் அதே சபையே.

அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை பரிதாபமானது. 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. குருமார் நாட்டைவிட்டு விரட்டப்பட்டனர். குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியவையாயின. 1687 இல் யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்கள் மேய்ப்பனில்லாத மந்தையாகவே கிடந்தனர்.

இந்த மந்தையைத் தேடியே கொன்சால்வெஸ் அடிகளார் 1705 ஓகஸ்ட் மாத இறுதியில் தலைமன்னாரில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 29. அவருடைய மொழி ஆற்றலைக் கண்ட யோசப் வாஸ் அடிகளார், சிங்களத்தையும் ஆழக் கற்கும்படி அவரைக் கண்டிக்கு அனுப்பினார். தமிழும் சிங்களமும் அவர் நாவில் ஒன்றுபோல் புரண்டன. கண்டி அரசன் நரேந்திரசிங்கனும் அவருடைய புலமையை மதித்து ஆதரவளித்தான்.

ஆயினும் அரண்மனை மதிப்பைவிட அடிகளாரின் மனத்தை வாட்டிய கவலை வேறு. குருமாரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். கிறிஸ்தவக் குடிகளோ நாடெங்கும் சிதறிக் கிடந்தன. குருவானவர் ஓர் ஊருக்கு இரவோடிரவாக வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருப்பலி ஒப்புக்கொடுத்து, விடியுமுன் போய்விட நேரும். அப்படியானால் தபசு காலத்தில் அந்த மக்களுக்குப் பிரசங்கம் செய்வது யார்? பெரிய வெள்ளியன்று சிலுவையடியிலே அவர்களைக் கூட்டி நிறுத்துவது யார்? குருவில்லாத ஊரிலே உயிர்ப்பு விழாவுக்கு உள்ளத்தை ஆயத்தம் செய்வது எப்படி?

இந்தக் கேள்விக்கு அடிகளார் எழுத்தாணியால் விடை கண்டார். குருவானவர் போக முடியாத இடத்துக்கு அவருடைய பிரசங்கம் போகட்டும் என்று துணிந்தார். தமிழருக்கு வியாகுலப் பிரசங்கத்தையும், சிங்களவருக்குத் துக்பிராப்தி பிரசங்கத்தையும் எழுதினார். கத்தோலிக்கருக்கு அச்சுக்கூடம் கிடையாத காலம் அது. பனையோலையில் எழுதிப் பிரதிசெய்த ஏடுகள் ஊர் ஊராகச் சென்றன. மூப்பரோ அண்ணாவியாரோ ஏட்டைப் பிடித்து வாசிக்க, எழுத்தறியாத ஏழையும் செவியால் பாடுகளைக் கேட்டான். இராகமிட்டு வாசித்ததால் வசனங்கள் நெஞ்சிலே பதிந்தன. பாட்டனிடமிருந்து பேரனுக்கு அந்த இராகமும் முதுசமாக வந்தது.

வெறுமனே அழவைப்பதற்காக அடிகளார் இதை எழுதவில்லை. ஆண்டவரை அடித்தவர்கள் யூதரும் உரோமைச் சேவகரும் மட்டும்தானா, என் பாவமும் அந்தச் சாட்டையில் ஒரு வாரல்லவா என்று கேட்பவன் தன்னைத்தானே விசாரிக்க வேண்டும். அந்தக் கண்ணீர் மனஸ்தாபமாகி, பகைத்தவனோடு சமாதானமாகி, குருவானவர் வரும் நாளில் நல்ல பாவசங்கீர்த்தனமாக முடிய வேண்டும். அப்போதுதான் உயிர்த்த ஆண்டவரை வரவேற்க உள்ளம் ஆயத்தமாகும்.

1711 ஜனவரி 16 ஆம் திகதி யோசப் வாஸ் அடிகளார் கண்டியிலே இறைபதம் அடைந்தார். அதன் பின்பும் கொன்சால்வெஸ் அடிகளார் தளரவில்லை. நடந்தார், போதித்தார், எழுதினார். வேத விளக்கங்கள், செபங்கள், பாடல்கள், அகராதிகள் என்று இரு மொழிகளிலும் நூல்கள் பெருகின. 37 ஆண்டுகள் இந்நாட்டிலே உழைத்து, 1742 ஜூலை 17 ஆம் திகதி போலவத்தையில் உயிர் நீத்தார். அவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 இலேதான் நீங்கின. அடிகளார் மறைந்து 64 ஆண்டுகளுக்குப் பின்! சுதந்திரமாகக் கொண்டாடப்பட்ட ஒரு பெரிய கிழமையையேனும் அவர் இங்கே காணவில்லை. ஆனால் அந்த இருண்ட ஆண்டுகளில் நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்த விளக்குகளில் ஒன்று அவருடைய ஏடு.

இன்று நமக்கு ஆலயம் உண்டு, குருமார் உண்டு, அச்சிட்ட புத்தகம் உண்டு. கேட்பதற்குச் செவியும் பொழுதும்தான் குறைந்துவிட்டன. இத்தவக்காலத்தில் ஒரு மாலையாவது குடும்பமாக ஆலயம் சென்று வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்போம். போக இயலாவிடில், இரவுச் செபத்தின் பின் வீட்டில் ஒருவர் பாடுகளின் வரலாற்றை வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். வாசித்து முடிந்ததும், யாரோடு நாம் பேசாதிருக்கிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். மரண தண்டனைக்கு அஞ்சாமல் நம் முன்னோர் செய்ததை, அச்சமின்றி வாழும் நாம் செய்யாது விடலாமா?