மார்கரெட் கஸின்ஸ் அம்மையார்

பாடுவோரைப் புகழ்வார் பலர். பாட்டிற்குப் பக்கத்துணையாய் நிற்போரை நினைப்பார் சிலரே. பியானோ என்னும் வாத்தியத்தில் வலக்கை இசையைப் பாட, இடக்கை அதற்குத் துணை செய்கின்றது. அவ்விடக்கையின் பணியை வாத்தியத்தில் மட்டுமன்றி வாழ்விலும் செய்து காட்டிய ஓர் அம்மையார் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்தார். அவரே மார்கரெட் கஸின்ஸ்.

இவர் 1878-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்திலுள்ள பாயில் என்னும் ஊரிற் பிறந்தார். டப்ளின் நகரில் ஸங்கீதம் பயின்று, 1902-இல் இசைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கவிஞராகிய ஜேம்ஸ் கஸின்ஸ் என்பாரை மணந்தார். பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டி 1908-இல் அயர்லாந்தில் ஒரு சங்கத்தை நிறுவியவருள் இவரும் ஒருவர். அக்கிளர்ச்சியின் பொருட்டு இலண்டனிலும் அயர்லாந்திலும் சிறை புகுந்தார். 1915-இல் தம்பதிகள் இருவரும் இந்தியாவிற்கு வந்து, பிரம்மஞான சபையின் பணியில் ஈடுபட்டனர்.

இவர் பயின்ற கலையின் இயல்பைச் சிறிது காண்போம். ஸ, க, ப என்னும் மூன்று ஸ்வரங்களை இடக்கை ஒருங்கே அழுத்தினால், அது இசைக்குத் தளம் இட்டாற்போல் நிற்கும். அவற்றையே ஸ-ப-க-ப எனப் பிரித்து மாறி மாறி வாசித்தால், ஓடும் நீர்போல் ஒலிக்கும். இம்முறை இத்தாலி நாட்டு ஆல்பெர்ட்டி என்பவர் பெயரால் வழங்குகின்றது. மூன்றெண்ணிக்கைத் தாளத்தில், முதலெண்ணிற்குக் கீழ் ஸ்வரத்தையும், மற்ற இரண்டிற்கும் மேல் ஸ்வரங்களைக் கூட்டியும் வாசிப்பர். எம்முறையாயினும் இடக்கை தாளம் தவறாது செல்லவேண்டும்; வலக்கையின் பாட்டை அடக்கிவிடவும் கூடாது.

நம் வீணையிலோ இடக்கையின் தொழில் வேறு. வலக்கை தந்தியை மீட்ட, இடக்கை அதனை இழுத்துக் கமகத்தைப் பிறப்பிக்கின்றது. அதுவே இராகத்திற்கு உயிர். பியானோவின் ஸ்வரங்கள் அசையாதவை. ஆதலின் கமகத்திற்கு ஆங்கு இடமில்லை. மேலும், மேல்நாட்டு முறைப்படி பஞ்சமத்தின்மேல் ஸ்வரக்கூட்டு அமைத்தால் ப, நி, ரி என வரும். மோஹனத்தில் நிஷாதம் இல்லையன்றோ? துணையென வந்தது இராகத்தையே கெடுத்துவிடும். ஆகவே, மேல்நாட்டிசை கற்று வந்தோர் ஈண்டு முதற்கண் கற்கவேண்டுவது செவி சாய்த்தலே.

அம்மையார் அங்ஙனமே செய்தார். 1919 பிப்ரவரியில் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு எழுந்தருளினார். ஜேம்ஸ் கஸின்ஸ் அப்பொழுது ஆங்குத் தலைவராயிருந்தார். கவியரசர் பாடிய ஜன கண மன என்னும் பாட்டின் மெட்டை அம்மையார் மேல்நாட்டு ஸ்வரக்குறிப்பில் அமைத்தார். அப்பாட்டே 1950 ஜனவரி 24-இல் நம் தேசிய கீதமாயிற்று. கீழ்நாட்டு இசையும் மேல்நாட்டு இசையும் ஒன்றையொன்று அறிதற்பொருட்டு, 1935-இல் இவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

பொதுவாழ்விலும் இவர்தம் முறை இதுவே. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்றுழைத்தார். அவ்வாண்டே பெண்டிர் வாக்குரிமை வேண்டி மாண்டேகு மந்திரியைக் காணச் சென்ற தூதுக்குழுவை ஏற்பாடு செய்தவர் இவர்; தலைமை தாங்கியவரோ சரோஜினி தேவியார். 1927-இல் அகில இந்திய மாதர் மகாநாடு பூனாவிற் கூடுதற்குக் காரணராய் நின்றார். தலைமையாசனமோ பரோடா மகாராணியாரைச் சார்ந்தது. பிறர் குரல் மேலோங்கத் தாம் கீழிருந்து தளமிட்டார். 1936-இற்றான் அம்மகாநாட்டின் தலைமை அவரை வந்தடைந்தது.

ஆயினும், அடங்கியிருத்தல் வேறு, அஞ்சியிருத்தல் வேறு. அரசாங்கத்தின் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக 1932-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று வேலூர்ச் சிறை சென்றார். பிறந்த நாட்டின் பொருட்டுச் சிறை கண்டவர், புகுந்த நாட்டின் பொருட்டும் அதனைக் கண்டார்.

பின்னாளில் பக்கவாதம் இவரைப் பற்றியது. விரலால் வாழ்ந்த கலைஞர்க்கு இதனினும் கொடிய துன்பம் யாதுளது? பத்தாண்டுகள் அத்துன்பத்தைத் தாங்கியிருந்து, 1954 மார்ச் 11-ஆம் நாள் அடையாற்றிற் காலமானார். அதற்குள் இந்தியா விடுதலை பெற்றது. வயதுவந்த பெண்டிர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. தாம் குறித்துவைத்த மெட்டு நாடெங்கும் ஒலித்தது.

மாணவ நண்பர்களே! முன்னின்று பாடும் பேறு நம்மில் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. துணைநிற்கும் பேறோ எவர்க்கும் உண்டு. தாளம் வழுவாது, பிறர் பாட்டைக் கெடாது, வேண்டுங்கால் உறுதியாய் ஒலிக்கும் இடக்கை போல் வாழக் கற்பது, கல்வியின் பயன்களுள் ஒன்றாம்.