குதிரைகளுக்காகப் பேசிய அன்னா சியூவெல் அம்மையார்



நடக்க இயலாத ஒரு பெண்மணி, தம்மைச் சுமந்து சென்ற விலங்கினத்துக்கு ஒரு நூலால் நன்றி செலுத்திய வரலாற்றை இவ்விதழில் எழுத முற்பட்டோம். அவர் பெயர் அன்னா சியூவெல். இங்கிலாந்து நாட்டினர்; 1820-ஆம் ஆண்டில் பிறந்து 1878-ஆம் ஆண்டில் மறைந்தவர். வாழ்நாளில் அவர் எழுதி வெளியிட்ட நூல் ஒன்றே ஒன்றுதான். ‘பிளாக் பியூட்டி’ என்னும் அந்நூலை ஆங்கிலத் துணைப்பாடமாகப் படித்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருப்பர். நாம் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில் அதன் சுருக்கத்தை வகுப்பில் படித்துக் காட்டியதுண்டு. குதிரைக் கதை என்று எல்லோரும் அறிவர். அதனை எழுதியவர் யார், எந்நிலையில் எழுதினார் என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் கீழ்க்கரையில், நார்ஃபோக் மாவட்டத்தில், கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகரில் 1820 மார்ச் 30-ஆம் நாள் அன்னா பிறந்தார். தந்தையார் ஐசக், தாயார் மேரி. அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவ சபையைச் சேர்ந்தவர்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுப்பதும், ஆடம்பரமின்றி எளிய ஆடை உடுப்பதும், வாய் திறவாது அமர்ந்து வழிபடுவதும் அச்சபையாரின் ஒழுக்கங்கள். அகிம்சையைக் குலதனமாகப் பெற்ற நமக்கு அவர்களை அயலார் என்று எண்ணத் தோன்றவில்லை. பிற்காலத்தில் தாயும் மகளும் அச்சபையினின்று விலகினர். ஆயினும் அதன் எளிமையும் இரக்கமும் அவர்களை விட்டு விலகவில்லை.

தந்தையாருக்கு வணிகம் கைகொடுக்கவில்லை. கடை நொடித்தது, குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. அன்னாவுக்கு இரண்டு வயது இளையவர் தம்பி பிலிப். பள்ளிக்கு அனுப்பப் பொருள் இல்லாமையால் இரு குழந்தைகளுக்கும் அன்னையே ஆசிரியை ஆனார். சிறுவர்க்கான வாசகம் ஒன்றை எளிய சொற்களில் தாமே எழுதி, அதற்குக் கிடைத்த சிறு ஊதியத்தில் மக்களுக்குப் புத்தகங்கள் வாங்கினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற முறைகளையெல்லாம் அந்த அம்மையார் யாரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார் என்று வியக்கின்றோம். செடியைக் காட்டித் தாவர நூலும், பூச்சியைக் காட்டி உயிர் நூலும் புகட்டினார்; எந்த உயிரையும் துன்புறுத்தலாகாது என்பது அப்பாடங்களின் உள்ளீடாக இருந்தது.

அது பயன் தந்தது. ஒருநாள் வேட்டைக்காரன் ஒருவன் சுட்ட பறவை அவர்கள் தோட்டத்தில் வந்து விழுந்தது. அதனைக் கேட்டு அவன் வாயிலில் நின்றான். சிறுமி அன்னா அவன் கொடுமையை முகத்துக்கு நேரே இடித்துரைத்து, பறவையைத் தர முடியாதென மறுத்துவிட்டாள். விடுமுறைக் காலங்களில் நார்ஃபோக்கில் பக்ஸ்டன் என்னும் சிற்றூரில் இருந்த தாய்வழி உறவினரின் பண்ணைக்குச் செல்வர். குதிரையேற்றம் அவளுக்கு அங்கே பழக்கமாயிற்று.

பன்னிரண்டாம் வயதில்தான் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அன்னாவுக்குக் கிட்டியது. அந்த மகிழ்ச்சி இரண்டே ஆண்டுகள். பதினான்காம் வயதில், ஒரு மழைநாளில், பள்ளியிலிருந்து வீட்டுக்கு விரைந்து வரும்போது கால் இடறி வீழ்ந்தாள். இரு கணுக்கால்களும் பழுதுற்றன. அக்கால மருத்துவம் அதனைச் சீர்செய்ய இயலவில்லை. அன்று முதல் இறுதி நாள் வரை நெடுநேரம் நிற்கவோ நெடுந்தொலைவு நடக்கவோ அவரால் முடியாமற் போயிற்று. ஓடியாடித் திரிந்த பெண்ணின் வாழ்வு ஒரு நொடியில் வேறாகிவிட்டது.

கடற்காற்று நலம் தரும் என நம்பியும், தந்தையாரின் பணி நிமித்தமாகவும், 1836-இல் பிரைட்டன் நகருக்குக் குடியேறினர். அதன் பின்னும் ஊர் மாறி ஊர் மாறி வாழ்ந்தனர். ஐரோப்பாவின் ஊற்றுநீர் மருத்துவ நிலையங்களுக்கும் சென்று வந்தார். சில காலம் சற்றே நடப்பார். மீண்டும் கட்டிலில் கிடப்பார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

இந்நிலையில் அவருக்குக் கால்களாக வாய்த்தது குதிரை. சிறு மட்டக்குதிரை பூட்டிய வண்டியைத் தாமே ஓட்டுவார். தந்தையாரைப் புகைவண்டி நிலையத்தில் கொண்டு விடுவதும், மாலையில் அழைத்து வருவதும் அவர் கடமை. வழியெங்கும் குதிரையோடு பேசிக்கொண்டே செல்வாராம். சவுக்கைத் தொடுவதில்லை, கடிவாள வாரைத் தளர விட்டிருப்பார். மேட்டில் ஏறும்போது அதனிடம் வேண்டுகோள் விடுப்பதுபோல் மென்மையாகச் சொல்வார். அதுவும் விளங்கிக்கொண்டதுபோல் நடக்கும் என்று அவ்வண்டியில் உடன் சென்ற தோழியர் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நடக்க முடிந்தவர்களுக்கு வண்டிக்குதிரை ஒரு வசதி. அன்னாவுக்கோ உலகைக் காணும் வழியே அதுதான். தம் நன்றி அந்த வாயில்லா உயிருக்கு உரியது என்பதை அவர் மறந்ததில்லை.

இதற்கிடையே அன்னையார் மேரியின் வாழ்விலும் ஒரு திருப்பம். அறுபது வயதை அடுத்த காலத்தில் அவர் ஏழை எளியோர்க்கான கதைப்பாடல்களை எழுதத் தொடங்கினார். 1860-இல் வெளியான அவருடைய கதைப்பாடல் ஒன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாகக் கூறுவர். எழுதியது தாய்; திருத்தியது மகள். அன்னா ஒப்புக்கொள்ளாத ஒரு வரியும் அச்சேறாது. பாத் நகருக்கு அண்மையில் விக் என்னும் ஊரில் வாழ்ந்தபோது தாயும் மகளும் உழைப்பாளிகளுக்கு மாலை வகுப்பு நடத்தினர். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்த ஆடவர்களுக்கு எழுத்தறிவித்த அந்த நாள்கள், வண்டிக்காரரும் குதிரைக்காரரும் எப்படிப் பேசுவர், எதற்கு அஞ்சுவர், எதனால் முரடாகின்றனர் என்பதை அன்னாவுக்கு அறிவித்திருக்க வேண்டும். அவர் நூலைப் படித்தால் இது தெற்றென விளங்கும்.

தம்பி பிலிப்பின் மனைவி இளங்குழந்தைகள் பலரை விட்டு மறைந்தார். அக்குழந்தைகளுக்குத் துணையாக இருக்கும் பொருட்டு 1867-இல் குடும்பம் நார்விச் நகரை அடுத்த ஓல்டு காட்டன் என்னும் ஊருக்கு வந்தது. அங்கே 1871-இல் அன்னாவின் உடல்நிலை மிகவும் நலிந்தது. இனி நெடுநாள் இல்லை என்று மருத்துவர் தெரிவித்தனர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பிறருக்கு எழுத்து முடியும் நிலை; அவருக்கோ அதுவே தொடக்கம்.

ஆறாண்டுகள் அந்நூல் எழுதப்பட்டது. சாய்வு மஞ்சத்தில் படுத்தவாறே, வலி தணியும் வேளைகளில் சொல்லச் சொல்ல அன்னையார் எழுதிக்கொள்வார். சில நாள் தாமே சிறு துண்டுத் தாள்களில் பென்சிலால் கிறுக்கி நீட்டுவார். எண்பது வயதை நெருங்கிய அன்னையார் அவற்றைப் படியெடுப்பார். மாதக்கணக்கில் ஒரு வரியும் எழுதாமல் கிடந்த காலமும் உண்டு. சிறுவர்க்குக் கதை சொல்வது அன்னாவின் நோக்கம் அன்று. குதிரையோடு பழகும் வண்டிக்காரர், லாயக்காரர், உடைமையாளர் ஆகியோர் மனத்தில் இரக்கமும் விளங்கிக்கொள்ளும் அறிவும் உண்டாகவே அவர் எழுதினார்.

நூலின் அமைப்பு புதுமையானது. குதிரையே தன் வரலாற்றைச் சொல்லுகிறது. முகப்பில் அன்னா தம்மை ஆசிரியர் என்று குறிக்காமல், குதிரை மொழியிலிருந்து பெயர்த்தவர் என்று குறித்திருக்கிறார்! நல்ல வீட்டில் வளர்ந்த கருங்குதிரை கைமாறிக் கைமாறி, பிரபுவின் வண்டி, வாடகைக் குதிரை, இலண்டன் நகரத்து வண்டி, பாரவண்டி எனத் தாழ்ந்து, இறுதியில் கருணையுள்ள இல்லமொன்றை அடைகிறது. இடையிடையே அறவுரை சற்று மிகுதியே. இக்காலத்து விமர்சகர்கள் அதைக் குறையாகக் கூறுவர். நமக்கு அது குறையாகப் படவில்லை.

அக்காலச் செல்வர் வீட்டு வண்டிகளில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. குதிரையின் தலை எப்போதும் கம்பீரமாக நிமிர்ந்து தோன்ற வேண்டுமென்று, கடிவாளத்திலிருந்து சேணத்துக்கு ஒரு வாரை இழுத்துக் கட்டுவர். பாரம் இழுக்கும் விலங்கு தலையைத் தாழ்த்தி, உடல் எடை முழுவதையும் முன்னே செலுத்தித்தான் மேடு ஏறும். மாட்டு வண்டியைக் கண்டவர் எவரும் இதனை அறிவர். தலையைத் தாழ்த்த விடாத இந்த வார் கழுத்தையும் முதுகையும் வருத்தும். மூச்சைத் திணறச் செய்யும். வாயில் நுரை தள்ளும். அந்நுரையை வீறு என்று எண்ணி மகிழ்ந்தனர் சீமாட்டிகள். வெறும் அழகுக்காக ஓர் உயிரை நாள்தோறும் வதைத்த இவ்வழக்கத்தை அன்னா குதிரையின் வாயாலேயே எடுத்துரைத்தார்.

நம் முன்னோர் கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளனர்: கட்டி வைத்து வருத்துதல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் காலத்தில் தாராமை. அருங்கலச்செப்பைச் சிறு வயதில் மனப்பாடம் செய்த நம்மவர்க்கு இவை புதியன அல்ல. கொல்லாமல் இருந்தாலே போதும் என்று ஓர் இல்லறத்தான் அமைதி கொள்ளாதபடி வகுக்கப்பட்ட வரம்புகள் இவை. நம் நூல்களை அறியாத அன்னாவின் கதையில் இவை ஐந்துமே வருகின்றன. தலையை இழுத்துக் கட்டும் வார், தயங்காத சவுக்கு, அழகுக்காக வாலை ஒட்ட நறுக்குதல், ஏற்ற முடியாத பாரம், வண்டிக்காரன் மதுக்கடையில் இருக்க வெளியே பசித்து நிற்கும் குதிரை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தெருக்களை ஒருவர் நம் அதிசாரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நோக்கியதுபோல் இருக்கிறது.

நம்மை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைத்த பகுதிகள் இரண்டு. ஒன்று, ஜோ கிரீன் என்னும் சிறுவன் செய்வது. நள்ளிரவில் மருத்துவரை அழைத்துவர விரைந்தோடி, வியர்வை வழியத் திரும்பிய குதிரைக்கு அவன் குளிர்ந்த நீரைப் புகட்டுகிறான். மேலே கம்பளி போர்த்தாமல் விடுகிறான். அன்போடு செய்ததே குதிரையைச் சாவின் விளிம்புக்குக் கொண்டு செல்கிறது. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் நமக்கு உணர்த்தியதில்லை. மற்றொன்று, சாம் என்னும் வாடகை வண்டிக்காரனின் முறையீடு. வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்குமாக அவன் முதலாளிக்கு நாளொன்றுக்கு 18 ஷில்லிங் கட்ட வேண்டும். அதை ஈட்டிய பிறகே தன் மக்களுக்குச் சோறு. களைத்த குதிரையை அடித்து விரட்டாமல் அவன் என்ன செய்வான்? சவுக்கு பிடித்த கையை மட்டும் பழிக்காமல், அக்கையை ஓங்கச் செய்த வறுமையையும், அதனால் பொருள் சேர்ப்பவனையும், அவசரம் என்று வண்டிக்காரனை விரட்டும் பயணியையும் அன்னா நமக்குக் காட்டுகிறார். திண்டிவனம் நிலையத்துக்கு வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தைக் கண்டவர்கள், விரைந்து ஓட்டச் சொன்ன குரல்கள் யாருடையவை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஜார்ல்டு என்னும் நார்விச் நகரத்துப் பதிப்பகத்தார் ஒரு சிறு தொகையை ஒரேயடியாகக் கொடுத்து உரிமையைப் பெற்று, 1877 நவம்பரில் நூலை வெளியிட்டனர். அதன் வரவேற்பின் தொடக்கத்தை மட்டும் அன்னா கண்டார். ஐந்து மாதங்களில், 1878 ஏப்ரல் 25-ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், அன்னையாருக்கு முன்பாகவே உயிர்நீத்தார்.

இறுதி ஊர்வலத்துக்கு வண்டிகள் வந்து வாயிலில் நின்றன. மேல்மாடத்திலிருந்து கீழே நோக்கிய அன்னையார் திடுக்கிட்டார். சவ வண்டியின் குதிரைகளுக்கு அந்தத் தலை நிமிர்த்தும் வார் கட்டப்பட்டிருந்தது! பெற்ற மகளைப் பறிகொடுத்த அந்நேரத்திலும் அவர் கீழே இறங்கி வந்து, எல்லாக் குதிரைகளின் வார்களையும் அவிழ்க்கச் செய்தார். தலை தாழ்த்தி இயல்பாக நடந்த குதிரைகளே அன்னாவை லாமாஸ் என்னும் சிற்றூரின் குவேக்கர் இடுகாட்டுக்குச் சுமந்து சென்றன.

1890-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்செல் என்னும் வழக்கறிஞர், விலங்குகளின் நலனுக்காக உழைத்தவர், இந்நூலை மலிவாக அச்சிட்டு வண்டிக்காரர்க்கும் லாயங்களுக்கும் பள்ளிகளுக்கும் இலட்சக்கணக்கில் வழங்கினார். பதிப்புரிமைக்கு அவர் யாதொன்றும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. நாளடைவில் பல மொழிகளில் பல கோடிப் பேர் படித்தனர். தலையை இழுத்துக் கட்டும் வாரை எதிர்த்து அன்னாவுக்கு முன்பே எட்வர்டு ஃபிளவர் போன்றோர் எழுதியிருந்தனர். எனினும் மக்கள் மனத்தில் அவ்வழக்கத்தை வெட்கத்துக்குரியதாக்கியது அக்கருங்குதிரையின் கதையே. சீமாட்டிகள் தாமே வாரை அவிழ்க்கச் சொல்லும் காலம் வந்தது.

அன்னையார் மேரி மேலும் ஆறாண்டுகள் வாழ்ந்து, 1884-இல் மகளின் அருகிலேயே அடக்கம் பெற்றார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1984-இல், இடம் கைமாறியபோது அக்கல்லறை நிலம் இயந்திரத்தால் சமன் செய்யப்பட்டுவிட்டது. எஞ்சிய நினைவுக் கற்களை அங்குள்ள சுவரில் பதித்து வைத்திருக்கின்றனர். நார்விச் நகரில் அவருக்கென அமைந்த நினைவுச் சின்னமோ சிலை அன்று. வழிநடைக் குதிரைகள் நின்று நீர் அருந்துவதற்கான ஒரு கல்தொட்டி.