எல்லை தாண்டிய பந்து

நுழையும்முன்

கிட்வாய் நகரின் திறந்தவெளிகளில் மாலைதோறும் மட்டை பிடிக்கும் சிறுவர்கள், பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பவே ஆசைப்படுவர். நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் அவ்வாசையைத் தம் ஆற்றலாக்கிக் கொண்டவர் சி.கே. நாயுடு. இந்தியக் கிரிக்கெட் அணியின் முதல் டெஸ்ட் தலைவரான அவரது வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமை

கோட்டாரி கனகய்யா நாயுடு 1895ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நாகபுரியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர் பேப் ரூத். பேஸ்பால் விளையாட்டில் பந்தைத் திடலுக்கு வெளியே அடிப்பதை ஹோம் ரன் என்பர். 1927ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் அறுபது ஹோம் ரன்கள் அடித்து அவர் உலகை வியக்க வைத்தார். கிரிக்கெட்டில் அதற்கு இணையான அடி சிக்சர். அவ்வகை அடியால் இந்திய மக்களின் மனத்தைக் கவர்ந்தவர் நாயுடு.

அக்காலத்தில் பம்பாயில் ஐரோப்பியர், பார்சியர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமய, இன அடிப்படையில் அமைந்த அணிகள் போட்டியிட்டன. 1916இல் இந்து அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார் நாயுடு. அணி ஏழு ஆட்டக்காரர்களை இழந்து தத்தளித்த நேரம் அது. முதல் மூன்று பந்துகளைப் பொறுமையாகத் தடுத்த அவர், அடுத்த பந்தைச் சிக்சராக்கினார். பொறுமையும் துணிவும் இணைந்த அவ்வாட்டமே அவரது வாழ்வின் முன்னோட்டமாக அமைந்தது.

பம்பாயில் ஒரு நாள்

1926 டிசம்பரில், ஆர்தர் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணி பம்பாய் ஜிம்கானா திடலில் இந்து அணியை எதிர்கொண்டது. முதலில் ஆடிய விருந்தினர் 363 ஓட்டங்கள் குவித்தனர். அவர்களுள் கை ஏர்ல் என்பவர் எட்டுச் சிக்சர்கள் அடித்தார். அதற்கு நாயுடு தம் மட்டையால் விடையளித்தார். இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆடி 153 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் சிக்சர்கள் 11. நான்கு ஓட்ட அடிகள் 13. செய்தி நகரெங்கும் பரவ, மக்கள் பணிகளை விட்டுத் திடலுக்கு விரைந்தனர். கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று கண்டனர் என்பர்.

ஆள்பவர்களின் விளையாட்டில் ஆளப்படுபவர்களும் அவர்களுக்கு நிகராக நிற்க முடியும் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. இந்தியர்களின் திறனை உணர்ந்த கில்லிகன், நாட்டிற்கென ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைக்க ஊக்கமளித்தார். 1927இல் தில்லி ரோஷனாரா கழகத்தில் அதற்கான பேச்சுகள் நடந்தன. 1928 டிசம்பரில் வாரியம் உருவானது.

இங்கிலாந்தில் ஒரு கோடைக்காலம்

1932இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அரச குடும்பத்தினரே அணித்தலைவராக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். எனவே போர்பந்தர் மன்னர் தலைவராகவும் லிம்ப்டி இளவரசர் துணைத்தலைவராகவும் சென்றனர். ஆயினும் தம் ஆட்டத்திறனின் அளவை உணர்ந்த மன்னர் பெருந்தன்மையுடன் விலகினார். இளவரசர் காயமுற்றார். இதனால் ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் திடலில் தொடங்கிய இந்தியாவின் முதல் டெஸ்ட் போட்டிக்கு நாயுடு தலைமையேற்றார். அரச மரபில் வராத ஒருவரின்கீழ் ஆட அணியினருள் சிலர் மனம் ஒப்பவில்லை. கையில் காயத்துடன் ஆடிய நாயுடு 40 ஓட்டங்கள் எடுத்தார். முதல் ஆட்டப் பகுதியில் இந்தியர் ஒருவர் எடுத்த மிகுதியான ஓட்டம் அதுவே. இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றாலும் மதிப்பை இழக்கவில்லை.

அப்பயணத்தின் முதல்தரப் போட்டிகளில் அவர் 1618 ஓட்டங்கள் குவித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட சிக்சர்கள் அடித்தார். பர்மிங்காமில் அவர் அடித்த பந்து ஒன்று, இரு மாவட்டங்களின் எல்லையாக ஓடிய ரீ ஆற்றைக் கடந்து விழுந்தது என்று ஆர்வலர்கள் இன்றும் கூறுவர். விஸ்டன் ஆண்டுமலர் அவரை ஆண்டின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

குன்றாத உறுதி

1936இல் தலைமைப் பொறுப்பு விஜயநகரம் இளவரசருக்குச் சென்றது. நாயுடு அணியில் ஓர் ஆட்டக்காரராகவே தொடர்ந்தார். ஓவல் திடலில் நடந்த தம் இறுதி டெஸ்ட் போட்டியில், வேகப்பந்து மார்பைத் தாக்கியபோதும் களத்தை விட்டு அகலாமல் 81 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் போட்டிகளில் அவரது மிக உயர்ந்த ஓட்ட எண்ணிக்கை இதுவே. பதவி பறிபோனாலும் கடமையில் குறை வைக்காத பண்பிற்கு இது சான்றாகும்.

பின்னர் இந்தோரின் ஹோல்கர் அணியை வழிநடத்தி, ரஞ்சிக் கோப்பையை நான்கு முறை வென்றார். ஐம்பது வயதில் பரோடா அணிக்கு எதிராக 200 ஓட்டங்கள் குவித்தார். அறுபது வயதைக் கடந்தும் ரஞ்சிப் போட்டியில் களமிறங்கினார். இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1967 நவம்பர் 14ஆம் நாள் அவர் இந்தோரில் மறைந்தார். இளையோருக்கான கோப்பை ஒன்றும் வாழ்நாள் சாதனையாளர் விருது ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆற்றல் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும். பிறப்பும் பதவியும் வகுத்த எல்லைகளை மனஉறுதியே கடக்கும். நாயுடுவின் வாழ்வு இவ்விரண்டையும் நமக்கு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

தத்தளித்தல் – செய்வதறியாது தவித்தல்
நிகர் – ஒப்பு
அகலாமல் – நீங்காமல்
குன்றாத – குறையாத

சிந்தித்து விடையளிக்க

1. பம்பாய் ஆட்டம் மக்கள் மனத்தில் விதைத்த நம்பிக்கை யாது?
2. போர்பந்தர் மன்னர் விலகியதைப் பெருந்தன்மை எனக் கூறுவது ஏன்?
3. தலைமைப் பொறுப்பு இல்லாதபோதும் கடமையாற்றிய ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.